பால்வாடி வயசுப் பிள்ளைகள்: டீச்சரிடம் கேளுங்கள்

மதுரையில் பத்தொன்பது வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளோடு இருக்கிறேன். பள்ளி திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் இத்தனை கேள்விகள் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மகளுக்கு மூன்றரை வயது. எதிர்வீட்டுப் பையன் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். இவள் பென்சிலை எடுத்தால் கிறுக்குகிறாள். டியூஷன் வைக்கலாமா டீச்சர்?" (ஒரு அம்மா, விளாங்குடி)

வேண்டாம்மா. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. இந்த வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விரல் தசைகளும் முழுதாகக் கட்டுக்குள் வந்திருக்காது. அந்தக் கையைக் கோட்டுக்குள் எழுதச் சொன்னால் வலிக்கும். வலித்தால் பென்சிலைக் கண்டாலே ஓடும்.

அவள் கிறுக்கும்போது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் தோளிலிருந்து இழுப்பாள். சில மாதங்களில் இழுப்பு வட்டமாகும். அப்புறம் ஒரு நாள் வட்டத்தின் இரண்டு முனையும் சேரும். உள்ளே இரண்டு புள்ளி வைத்து "அப்பா" என்பாள். 'அ'-வின் சுழி அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். பூண்டு உரிக்கட்டும், கொத்தவரங்காய் கிள்ளட்டும். நீங்கள் மல்லிகை தொடுக்கும்போது இரண்டு இரண்டு மொட்டாக எடுத்து நீட்டச் சொல்லுங்கள். மொட்டு நசுங்காமல் காம்பை மட்டும் விரல் நுனியில் பிடிக்கிறாளே, அதுதான் பென்சில் பிடி.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து நாலு கோடு நோட்டில் எழுத வைக்கச் சொன்னார்கள். பெற்றோர் நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அதில் இருந்தது முழுக்க என் கையெழுத்து. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்காது.

"வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறோம். வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்கிறார்கள் பள்ளியில். இரண்டு மூன்று பாஷை கேட்டால் பையன் குழம்பிவிடுவானா?" (ஒரு அப்பா, மகால் பக்கம்)

குழம்ப மாட்டான் சார். உங்கள் தெருவில் வளர்ந்த எத்தனை பேர் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று பேசிப் பழகியவர்கள்! ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷையைக் கலந்து பேசுவான். கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். போகப் போகப் பிரித்துக்கொள்வான்.

எனக்குப் பயமெல்லாம் வேறு. நமக்குச் சரளமாக வராத பாஷையில் பிள்ளையோடு பேச ஆரம்பித்தால் பேச்சே சுருங்கிவிடும். 'கம்', 'சிட்', 'ஈட்' என்று அதட்டல் மட்டும் மிஞ்சும். கதை சொல்லவும் கொஞ்சவும் சமாதானப்படுத்தவும் உங்கள் பாஷைதான் வேண்டும். இங்கிலீஷை நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம், அது எங்கள் வேலை.

சில வருடங்களுக்கு முன் உங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் மூன்று வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவன் பாட்டியிடம் கேட்டு ஒரு சொல் கற்றுக்கொண்டு, மறுநாள் டம்ளரை நீட்டி "பானி?" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ கதை சொன்னான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை.

இரண்டு வயது முடிந்தும் எந்தப் பாஷையிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால் அது வேறு விஷயம். காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

"பேரன் செல்போன் இல்லாமல் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிறான். மகள் என்னைத்தான் திட்டுகிறாள்." (ஒரு அம்மாச்சி, ஒத்தக்கடை)

உங்களைத் திட்டி என்னம்மா ஆகப்போகிறது? நாள் முழுக்க ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் போனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, வாயில் இருப்பது சோறா இட்லியா என்றும் தெரியாது.

நாலு நாள் ஆர்ப்பாட்டம் பண்ணுவான். சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட், முறுக்கு கொடுக்காதீர்கள், பசிக்கட்டும். தனித் தட்டில் போட்டு உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதி கீழே சிந்தும், சிந்தட்டும். இதை நீங்கள் மட்டும் செய்தால் போதாது. ராத்திரிச் சாப்பாட்டில் மகளும் மருமகனும் போனைத் தள்ளி வைக்க வேண்டும், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

"பையன் பீச்சாங்கையால் எழுதுகிறான்." (உசிலம்பட்டி)

எழுதட்டும். மாற்ற வேண்டாம், அடிக்கவே வேண்டாம். கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்கு ஏற்றதாக வாங்கிக் கொடுங்கள்.

"யார் டப்பாவிலிருந்தும் என் பிள்ளை வாங்கிச் சாப்பிடக் கூடாது, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்றும் பாருங்கள் என்றேன். டீச்சர் முகம் மாறிவிட்டது. இதில் என்ன தப்பு?" (பெயரும் ஊரும் போடவில்லை)

ஒவ்வாமை என்றால் எழுதிக் கொடுங்கள், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வோம். ஆனால் 'யார் உட்காருகிறார்கள்' என்பது ஒவ்வாமை இல்லை.

நாலு வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. இவன் டப்பாவில் புளிச்சோறு, அவள் டப்பாவில் முட்டை என்று தெரியும். 'அவனோடு சேராதே' என்று காரணம் சொல்லாமல் நீங்கள் சொன்னால், காரணத்தை அதுவே தேடும். நிறமா, சட்டையா, வீடா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். நம் தென் மாவட்டங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருவதைப் பார்த்து எல்லோரும் பதறுகிறோம். பதிமூன்று வயதில் கட்டுகிற அந்தக் கயிற்றை நாலு வயதில் சாப்பாட்டு டப்பாவிலேயே திரிக்க ஆரம்பித்துவிடுகிறோம். என் வகுப்பில் எல்லோரும் ஒரே வட்டமாகத்தான் உட்காருவோம். யார் கேட்டாலும் அதை மாற்ற மாட்டேன்.

"வீட்டுப் பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. 'பால்வாடிக்கா அனுப்பப் போறே' என்கிறார் மாமியார். கடன் வாங்கி பிளே ஸ்கூலில் சேர்க்கவா?" (செல்லூர்)

கடன் வாங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத்தான். அதற்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். அது எனக்குத் தீராத குறை. அந்த வயதுக்கென்றே அரசு 1975-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தவைதான் அங்கன்வாடிகள். எடை பார்ப்பது, தடுப்பூசி, சத்துணவு, ஆட்டம் பாட்டு எல்லாம் அதில் அடக்கம். அங்கிருந்து அரசுப் பள்ளிக்கு அனுப்பினால் ஒன்றாம் வகுப்பிலிருந்து காலைச் சாப்பாடும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பத்து மணிக்கே சோர்ந்து சரிவதை என்னைப் போலப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எல்லா அங்கன்வாடியும் ஒரே மாதிரி இருப்பதில்லை, பிளே ஸ்கூலும் அப்படித்தான். சுவரில் இருக்கிற கார்ட்டூனைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். பதினோரு மணிக்கு நேரில் போய் நில்லுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? பிள்ளைகள் கேட்டவுடன் அனுப்புகிறார்களா? மூத்திரத்தை அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்கிறதா, டீச்சரின் சத்தம் மட்டும் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

"வாசலில் விட்டால் கத்தி அழுகிறாள். அவள் பார்க்காதபோது நழுவி வந்துவிடுகிறேன். சரிதானா அக்கா?" (திருப்பரங்குன்றம்)

நழுவாதே தங்கச்சி. திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்றால், மறுநாள் உன் சேலையை விடவே மாட்டாள். குனிந்து முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. மூன்று மணி என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வாசலில் நில். முதல் இரண்டு வாரம் உன் பழைய கைக்குட்டை ஒன்றை அவள் பையில் வைத்துவிடு, துவைக்காமல்.