மல்டிகாஸ்ட்டை (ஒரே நகலை அனுப்பினால், கேட்பவர்களுக்கெல்லாம் நெட்வொர்க்கே பிரித்துக் கொடுக்கும் முறை) இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா? எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கெடுப்பது?

கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1992இல் எம்போன் என்ற மல்டிகாஸ்ட் சோதனை நெட்வொர்க் வந்தது, அப்புறம் செத்துப்போனது என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எனக்குச் சோறு போடுவதே மல்டிகாஸ்ட்தான்.

பொது இணையத்தில் அது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். லட்சம் பேர் மொபைலில் கிரிக்கெட் பார்த்தால் லட்சம் தனித்தனி ஸ்ட்ரீம்தான் போகிறது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற பழைய முறையை நெட்வொர்க்குகளுக்கு இடையே கைவிடச் சொல்லி 2020இல் ஆர்எஃப்சி 8815 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் வேறு வந்துவிட்டது. ஆனால் பங்குச்சந்தை விலை ஃபீட், கேபிள் ஹெட்எண்ட் (சேனல்களைச் சேர்த்து அனுப்பும் இடம்), ஓட்டல் டிவி என்று அவரவர் சொந்த நெட்வொர்க்கின் சுவருக்குள்ளே நன்றாகவே ஓடுகிறது. வெளியே நின்று அளந்தால் அதெல்லாம் கண்ணில் படாது.

நான் கடலூர். புதுச்சேரியில் ஒரு ஓட்டலுக்கு ஐபிடிவி (நெட்வொர்க் வழியாக வரும் டிவி) போட்டுக் கொடுத்தேன். "எந்த சேனலை எத்தனை ரூமில் பார்க்கிறாங்கன்னு சொல்லு தம்பி, பார்க்காத பே சேனலை எல்லாம் நிறுத்திடலாம்" என்றார் முதலாளி. நியாயமான கேள்விதான். ஆனால் அனுப்பும் சர்வருக்கு அது தெரியாது. 239இல் தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஒரே ஒரு நகலை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. எனக்கு வேண்டும் என்று ரூமில் இருக்கும் பாக்ஸ் ஐஜிஎம்பி (மல்டிகாஸ்ட்டில் சேர, விலகச் சொல்லும் நெறிமுறை) மூலம் சொல்வதெல்லாம் நெட்வொர்க் ஸ்விட்ச்சிடம்தான்.

சரி என்று மாடி மாடியாக ஸ்விட்ச்சில் ஸ்னூப்பிங் பட்டியலை (எந்த போர்ட்டில் இருக்கும் பாக்ஸ் எந்த சேனலைக் கேட்டது என்று ஸ்விட்ச் கவனித்து வைக்கும் குறிப்பு) எடுத்து, போர்ட் வாரியாக எண்ணினேன். ஒரு பக்தி சேனல் முதலிடம்! வார இறுதிக்குப் பாண்டிக்கு வருகிற கூட்டம் பக்தி சேனலா பார்க்கும்? கெஸ்ட் காலி செய்த ரூம்களை ஹவுஸ்கீப்பிங் அக்கா திறந்தபோது கூடவே போனேன். டிவி அணைந்திருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த பாக்ஸில் மட்டும் பச்சை விளக்கு. பாக்ஸுக்கு கரண்ட் வந்ததும் முதலில் வந்து நிற்பது அந்த சேனல்தான். இன்னும் வேண்டுமா என்று ஸ்விட்ச் 125 வினாடிக்கு ஒருமுறை கேட்க, ஆளில்லாத ரூமிலிருந்து பாக்ஸ் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ரிசப்ஷன் செக்-இன் பட்டியலை வைத்துக் காலி ரூம்களைக் கழித்தேன். ஆள் இருக்கும் ரூமிலும் யார் பார்க்கிறார், யார் தூங்குகிறார் என்பது அதில் தெரியாதுதான்.

ஆர்டிசிபி ரிப்போர்ட் (பெறும் பாக்ஸ் திருப்பி அனுப்பும் தகவல்) இருக்கிறதே என்று யாராவது வருவீர்கள். எங்களுடையது அனுப்பியதோடு சரி என்கிற வெறும் யுடிபி ஸ்ட்ரீம், அதில் ஆர்டிசிபி கிடையாது. ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பில் ஒரு பாக்ஸ் பதில் சொன்னால் மற்றவை அடங்கிவிடுமே என்பவர்களுக்கு: ஸ்னூப்பிங் இருக்கும் ஸ்விட்ச் ஒரு போர்ட்டின் பதிலை இன்னொரு போர்ட்டுக்குக் காட்டாது, அதனால் எல்லாமே பதில் சொல்லும்.

இதில் லாபம் என்ன என்று கேட்காதீர்கள். மிச்சமான ஸ்விட்ச்சைப் பெட்டியோடு கடலூருக்குத் திருப்பி எடுத்து வந்தால், எல்லைச் சோதனைச் சாவடியில் பாட்டில் என்றே முடிவு கட்டிப் பிரிக்கச் சொல்கிறார்கள். பில்லைக் காட்டினாலும் கேட்பதில்லை. சீல் உடைந்த பெட்டியை டீலர் திரும்ப வாங்க மாட்டார், அந்தக் காசு என் தலையில்தான்.