பதினொரு இதழ்களை வரைந்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த ஆண்டு ஜனவரியில், வாரம் ஒரு மண்டலா வரையும் சவாலில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அலை, விதை, மயிலிறகு என்று ஏதாவது ஒரு சொல் தருவார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் அதை வைத்து ஒரு வட்ட ஓவியம் வரைந்து பகிர வேண்டும். முதல் எட்டு வாரங்கள் தாளில் பேனாவால் வரைந்தேன். மார்ச் மாதம் வங்கியில் ஆண்டிறுதிக் கணக்கு வேலை வந்ததால் நான்கு வாரங்கள் விட்டுப்போயின. அவற்றில் இரண்டை டேப்லெட்டில் உள்ள சமச்சீர் வசதியைக் கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஓர் இதழை வரைந்தால் மற்ற பதினொன்றும் தாமாகவே வந்துவிடுகின்றன. தாளில் வரைந்தவற்றைவிட அவற்றுக்குத்தான் பாராட்டு அதிகம். மீதி இரண்டையும் முடித்துவிட்டுத் தொடர வேண்டுமா, விட்டுவிடலாமா? “வாசலில் ஒழுங்காக ஒரு கோலம் போட வராது, தாளில் வட்டம் போடுகிறாள்” என்கிறார் மாமியார். நண்பர் ஒருவர் இது கலையே இல்லை என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? படங்களை இணைத்திருக்கிறேன்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

விட்டுப்போன வாரங்களை விட்டுவிடுங்கள். வாரக் கணக்கை நிரப்புவதால் கைக்கு எதுவும் கூடுவதில்லை. இத்தகைய சவால்களில் பெயர்பெற்ற ‘இங்க்டோபர்’, 2009இல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் மைக்கோட்டில் தன் கையைத் தேற்றிக்கொள்ளத் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒரு மாதப் பயிற்சியாகத்தான் தொடங்கியது. உங்கள் மாமியாரோடு வாதாடாதீர்கள். கோலம் புள்ளிகளின் வரிசையை நம்பி நடக்கிறது, மண்டலாவுக்கோ ஒரு மையமும் கோணங்களும்தான் ஆதாரம். இரண்டும் வெவ்வேறு வேலைகள். அவரிடமிருந்து கோலத்தைக் கற்றுக்கொண்டால் உங்களுக்குத்தான் லாபம்.

இது கலையா என்ற கேள்வியில் நான் இறங்கப்போவதில்லை. அந்தக் கேள்வி சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற உளவியலாளர் கார்ல் யுங்கையே நிலைகுலைய வைத்திருக்கிறது. 1918-19 காலகட்டத்தில், சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-டே என்ற ஊரில் பிரிட்டிஷ் படையினரைத் தங்கவைத்திருந்த முகாமுக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, யுங் தினமும் காலையில் ஒரு குறிப்பேட்டில் சிறிய வட்ட ஓவியம் ஒன்றை வரைந்துவந்தார். அன்றைய தன் அகநிலை அதில் தெரிவதாக அவர் கருதினார். ஒருநாள் அவருக்குத் தெரிந்த பெண்மணி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. யுங்கின் உள்மனத்திலிருந்து எழுபவை கலையே என்று அவர் மறுபடியும் வற்புறுத்தியிருந்தார். யுங்குக்கு எரிச்சல் மூண்டது. மறுநாள் அவர் வரைந்த வட்டத்தில் விளிம்பின் ஒரு பகுதி வெடித்துத் திறந்துகொண்டது, சமச்சீர் குலைந்தது. தன் வாழ்க்கை நினைவுகளில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த உடைப்பைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. யுங்கின் கையில் உங்கள் டேப்லெட் இருந்திருந்தால் அந்த உடைப்பு நிகழ்ந்தே இருக்காது. விளிம்பில் ஓரிடத்தில் கோடு விலகினால் அது பன்னிரண்டு இடங்களிலும் அச்சு மாறாமல் விலகி, பார்ப்பவருக்கு நேர்த்தியான வேலைப்பாடாகத் தெரிந்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய படங்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆறாவது வாரத்து மயிலிறகு ஓவியத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளையத்தில் ஒன்பதாவது இறகை வரையும்போது இடம் நெருக்கிவிட்டதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள். அதனால் பத்தாவது இறகின் கண்ணைச் சற்றே ஒடுக்கி, பதினொன்றாவதன் ஓரத்தில் மூன்று புள்ளிகளுக்குப் பதில் இரண்டை மட்டும் வைத்து, பன்னிரண்டாவதைப் பிழைத்துக்கொள்ளச் செய்திருக்கிறீர்கள். அந்த இரண்டு புள்ளிகளில் நீங்கள் இருக்கிறீர்கள். டேப்லெட்டில் வரைந்த ‘அலை’யில் ஓர் இதழின் நுனியில் விரல் நடுங்கிய தடம் தெரிகிறது. அதே நடுக்கம் பன்னிரண்டு நுனிகளிலும் இருக்கிறது. அதை யாரும் நடுக்கம் என்று சொல்ல மாட்டார்கள். நீங்களும் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் இரண்டாவது இதழை வரையும் பொறுப்பு உங்களிடம் வரவே இல்லை.

என் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் சாக்குக்கட்டி செருகிய மரக் கவராயத்தால் வட்டம் போட்டு, அதன் ஆரத்தை மாற்றாமலேயே வட்டத்தின் மீது ஆறு அடிகள் எடுத்துவைத்துக் காட்டுவார். ஆரமும் அறுகோணத்தின் பக்கமும் சமம் என்பதால் ஆறாவது அடி தொடங்கிய புள்ளியிலேயே வந்து நிற்க வேண்டும். எங்கள் தாள்களில் நிற்காது. ஒவ்வோர் அடியிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் ஆறாவது அடியில் மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடும். அவர் அழிக்க விடமாட்டார். எங்கே பிசகியது என்று ஒவ்வொரு புள்ளியாகத் திரும்பிப் போய்த் தேடச் சொல்வார். இதழ்களை வரிசையாக ஒன்றையடுத்து ஒன்றாக வரையவும் கூடாது. எதிரெதிரே இரண்டு, குறுக்கே இரண்டு, பிறகு இடைவெளிகளில் மற்ற எட்டு என்று வரைய வேண்டும். அப்படிச் செய்தால் பிசகு ஓரிடத்தில் குவியாமல் வட்டம் முழுவதும் பகிர்ந்துகொள்ளப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடும். என் கை இன்றும் அந்த வரிசையில்தான் போகிறது. அந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவை, முதல் இதழ் அல்ல, மற்ற பதினொன்றும்தான்.

கவராயமும் ஒரு கருவிதானே என்று நீங்கள் கேட்கலாம். கருவிதான். ஆனால் அது இதழ் வரும் இடத்தைக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறது, இதழை வரைவதில்லை. காலசக்கர மண்டலத்தை வண்ண மணலால் அமைக்கும் திபெத்தியத் துறவிகளும் சுண்ணம் தோய்த்த நூலைத் தெறித்து முதலில் கோடுகளை அளந்துகொள்கிறார்கள். அதன்பிறகு நாற்புறமும் அமர்ந்து, மையத்திலிருந்து வெளிப்புறமாக நகர்ந்தபடி, ‘சக்பூர்’ என்னும் கூம்பு வடிவ உலோகக் குழாயின் வரிகள் மீது இன்னோர் உலோகக் கோலை உரசி, அந்த அதிர்வில் மணலை இழையாக இறக்குகிறார்கள். அந்த மண்டலத்தில் 722 தெய்வங்களுக்கு இடம் உண்டு. முடிந்ததும் கலைத்து மணலை நீரில் சேர்ப்பதைப் பற்றியே எல்லோரும் நிலையாமை என்று பேசுகிறார்கள். அந்த மணலின் ஒவ்வோர் இழையும் யாரோ ஒருவரின் மணிக்கட்டிலிருந்து இறங்கியது என்பதைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஆகவே பாராட்டு அதிகம் வந்தது என்று எனக்கு எழுதாதீர்கள். கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் படத்தில் துல்லியமான சமச்சீர்தான் பளிச்சென்று தெரியும். இரண்டு புள்ளி வைத்த இடம் யாருக்கும் தெரியாது. அந்தச் சமச்சீருக்குக் கிடைக்கும் கைதட்டலை நம்பி உங்கள் கையைக் கைவிடுகிறீர்கள் என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பகலெல்லாம் கணக்கை நேர் செய்துவிட்டு வந்து, எட்டு வாரங்கள் இரவு விளக்கில் குனிந்து பன்னிரண்டு பன்னிரண்டாக வரைந்தவர் நீங்கள். அந்தப் பெண்ணின் மீது உங்களைவிட எனக்கு மதிப்பு அதிகம்.

நேரமில்லை என்றால் வட்டத்தைச் சிறிதாக்குங்கள். எட்டு சென்டிமீட்டர் விட்டம், மூன்று வளையங்கள், பன்னிரண்டுக்குப் பதில் எட்டுப் பிரிவுகள் போதும். வழிகாட்டிக் கோடுகளை 2எச் பென்சிலால் அழுத்தாமல் போடுங்கள். மை நன்றாகக் காயும்வரை ரப்பரைத் தொடாதீர்கள், உங்கள் நான்காவது வாரத்து ஓவியத்தில் அவசரத்தின் கறை அப்படியே இருக்கிறது. வெளி வளையங்கள் எல்லாம் இடப்பக்கமாகச் சாய்வதற்குக் காரணம் உங்கள் கை அல்ல. கவராயத்தின் முள் குத்திக் குத்தி மையத் துளை அகன்று, வட்டத்துக்கு வட்டம் மையமே நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். தாளின் பின்புறம் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த ஓவியத்தை அனுப்பும்போது தாளின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், துளையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.