இதயத்துக்கு ஓய்வே கிடையாதா? ரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது?

பிறந்ததிலிருந்து விடாமல் துடிக்கிறதே, களைத்துப் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, யாங்கூனில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். என் அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போய் ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஓய்வு உண்டு, நிறையவே உண்டு. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறைகள் இறுகிப் பிழிவது சுமார் 0.3 விநாடிதான். மீதி 0.5 விநாடி தளர்ந்து கிடக்கின்றன. ஒரு நாளுக்குக் கூட்டிப் பார்த்தால் 15 மணி நேரம், நான் கூட அவ்வளவு நேரம் படுத்திருப்பதில்லை. ஆனால் ரத்தம் உள்ளே நிரம்புவதே அந்த நேரத்தில்தான். இதயத் தசை தன் பசியை ஆற்றிக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான், ஏனென்றால் உள்ளே தளும்புகிற ரத்தத்தை அது அப்படியே குடித்துக்கொள்வதில்லை, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி கிளம்புகிற இடத்திலேயே பிரியும் இரண்டு சின்னக் குழாய்கள் வழியாகத்தான் அதற்குச் சாப்பாடு போகிறது, தசை இறுகும்போது அந்தக் குழாய்களின் கிளைகள் நசுங்கிவிடும். தளர்ந்தால்தான் ஓட்டம்.

சரி, வழி. படத்தில் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கிவந்து அக்கா வீட்டு அடுப்படியிலேயே அறுத்துப் பார்த்தேன் (மச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்). இடது கீழறைச் சுவர் என் கட்டைவிரல் கனம், வலது சுவர் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. காரணம் இருக்கிறது. உடம்பெல்லாம் சுற்றிக் கறுத்துப்போன ரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்குப் போகிறது. அதற்கு 25 பிரஷர் போதும். அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு இறங்கி, உச்சந்தலைக்கும் கால் விரலுக்கும் கிளம்ப வேண்டும். அதற்கு 120 வேண்டும். ஒரே உறைக்குள் இரண்டு பம்பு, ஒன்று தள்ளியதுதான் மற்றதற்கு வருகிறது.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் வெள்ளையாக, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய இதழ்கள். அவற்றின் ஓரத்திலிருந்து நூல் நூலாக இறங்கிச் சுவரில் இருக்கும் சதைத் தூண்களில் கட்டியிருக்கிறது, இதழ் மேல்பக்கமாகப் புரண்டுவிடாமல் இருக்க. எங்கள் தொழிலில் ‘நான்-ரிட்டன்’ வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும், திரும்ப விடாது) என்போமே, அதேதான். ஸ்பிரிங் கிடையாது, ரத்தத்தின் அழுத்தமே திறக்கிறது, அதுவே மூடுகிறது. டாக்டர் காது வைத்துக் கேட்கிற லப் டப் சதை இறுகுகிற சத்தம் இல்லை. லப் என்பது இந்த உள்வாசல்கள் சாத்திக்கொள்வது, டப் என்பது வெளியே போகிற இரண்டு வாசல்கள் சாத்திக்கொள்வது.

ஒரு பிழிவுக்கு 70 மில்லி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். உடம்பில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். கல்லீரல்தான் சாப்பாட்டிலிருந்து புதுசு புதுசாக ரத்தம் செய்து அனுப்புகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் ஹார்வி இதே மாதிரிக் கணக்குப் போட்டு, இவ்வளவு ரத்தத்தை எந்தச் சாப்பாடும் தர முடியாது, அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது என்று 1628இல் எழுதினார்.

இப்போது அக்கா கதை. சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் வரும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற தன் வால்வையே தாக்கி வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் அந்த இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விரல் இரண்டு நுழைகிற வாசல் பென்சில் கனத்துக்குச் சுருங்கிவிட்டது. கல்யாணமாகி ஐந்து மாதக் கர்ப்பத்தில்தான் வெளியே தெரிந்தது, கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு பாதி மடங்கு வரை கூடிவிடும். அவர்கள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இங்கே பழைய கட்டடங்களின் படிக்கட்டு ஏணி மாதிரி. ஏறி வந்தால் பத்து நிமிடம் பேச மாட்டாள். அப்புறம் இறங்குவதையே விட்டுவிட்டாள், பால்கனியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்ட பையில்தான் காய்கறி ஏறியது. மசக்கை என்றார்கள் அம்மா. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்த பிறகுதான் கூட்டிக்கொண்டு போனோம்.

முதலில் கொடுத்த மாத்திரை இதயத்தைப் பலப்படுத்த இல்லை, மெதுவாக்க. எனக்குக் கோபமே வந்தது, ஏற்கனவே முடியாதவளை ஏன் இன்னும் மந்தமாக்குகிறீர்கள் என்று கேட்டேன். அந்த ஸயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தாளை எடுத்துக் கணக்கே போட்டுக் காட்டினார். படியேறும்போது 150 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.4 விநாடி. பிழிகிற நேரம் கொஞ்சம்தான் குறையும், பெரிய வெட்டு விழுவது ஓய்வு நேரத்தில். சாதாரண வாசலுக்கு மிச்சமிருக்கும் 0.2 விநாடி போதும். சின்ன வாசலுக்குப் போதாது. இறங்க முடியாத ரத்தம் மேலறையில் தேங்கி, பின்னால் நுரையீரலில் போய் நிற்கும், அதுதான் மூச்சு முட்டல். ஃபுட் வால்வு (தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் இருப்பது) அடைத்துக்கொண்ட மோட்டாரை வேகமாக ஓட்டினால் தண்ணீர் கூடுதலாக வராது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது தோன்றவில்லை.

மாத்திரையில் ஓரளவு தாங்கி, குழந்தை பிறந்த பிறகு பலூன் வைத்தார்கள். 1980களில் ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் கொண்டுவந்த முறை. தொடைச் சிரை வழியாக வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரில் சின்னத் துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, சுருங்கிய வாசலில் பலூனை ஊதி ஒட்டிய இதழ்களைப் பிரிக்கிறார்கள். நெஞ்சைக் கிழிக்கவில்லை.

எல்லாருக்கும் இது சரிப்படாது, வால்வு ரொம்பக் கெட்டியாகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அக்காவுக்குச் சரிப்பட்டது. நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி இன்னும் போட்டுக்கொள்கிறாள், மறுபடி அந்தத் தொண்டைக் கிருமி வந்து மிச்சத்தையும் கெடுக்காமல் இருக்க. நாலு மாடியும் ஏறுகிறாள், மூன்றாவது மாடித் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் நிற்பாள். மகளுக்குத் தொண்டை கரகரத்தால் போதும், அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை, சோம்பேறித்தனம்தான்.