வாசகர் கேள்வி – வல்லுநர் பதில்: கிலாவேயா எரிமலைக்குக் குடும்பத்தோடு

கேள்வி: ஏழு வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மாவுடன் ஹவாய் போகிறோம். தீவின் மேற்குக் கரையிலுள்ள கோனாவில் தங்கி, ஒரு நாள் மட்டும் கிலாவேயா போனால் நெருப்புக்குழம்பைப் பார்த்துவிடலாமா?

பதில்: அந்த ஒரு நாளை நம்பாதீர்கள். 2024 டிசம்பர் 23 அன்று உச்சிப் பள்ளமான ஹலேமாஉமாவுவில் தொடங்கிய சீற்றம், 2025 முழுவதும் விட்டு விட்டுத்தான் நடந்தது. குழம்பு ஊற்றுபோலப் பீறிடும். சில முறை 300 மீட்டரையும் தாண்டியது. ஆனால் பெரும்பாலும் அரை நாளுக்குள் அடங்கி, பிறகு பல நாட்கள் புகை மட்டுமே. கோனாவிலிருந்து காரில் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செய்தி கேட்டுக் கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கலாம். ஹிலோ நகரிலோ (48 கி.மீ., முக்கால் மணி நேரம்), எரிமலை இருக்கும் தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டிய வால்கனோ கிராமத்திலோ மூன்று இரவு தங்குங்கள்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஹவாய் ஆய்வகம் தினமும் நிலவரம் வெளியிடுகிறது. உள்ளே குழம்பு சேரச் சேர உச்சி மெல்ல உப்பும். தரையின் சாய்வை அளக்கும் சாய்வுமானிகள் அதைக் காட்டிவிடும். அதை வைத்து, அடுத்த ஊற்று எந்த நாட்களுக்குள் வரலாம் என்று உத்தேசமும் சொல்வார்கள். நேரடிக் கேமராவையும் பாருங்கள்.

பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். மாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. விடியுமுன் போவதே மேல். காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், ரொக்கம் வாங்கமாட்டார்கள். உச்சி சுமார் 1,200 மீட்டர் உயரம். கடற்கரை உடையோடு வந்து குளிரில் நடுங்குபவர்களே அதிகம். மழை அங்கி, டார்ச் அவசியம். பள்ளத்தின் விளிம்பு விரிசல் விட்டுச் சரியக்கூடியது. தடுப்பைத் தாண்டவே கூடாது, பையனின் கையை விடக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. என்95 முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. அது தூசியைத் தடுக்கும், கந்தக டை ஆக்சைடு வாயுவைத் தடுக்காது. வழக்கமான வடகிழக்குக் காற்று புகையைத் தென்மேற்கே தள்ளிவிடும். அந்தக் காற்று ஓய்ந்தாலோ திசை மாறினாலோதான் வம்பு. தீக்குச்சி உரசிய நெடி வந்தால் உடனே காரில் ஏறி, கண்ணாடிகளை மூடி, ஏசியில் வெளிக்காற்று வராதபடி அடைத்துவிட்டு இடத்தை விட்டுக் கிளம்புங்கள். இன்ஹேலர் பெட்டியில் அல்ல, கையில் இருக்கட்டும். ஊற்று பீறிடும்போது குழம்பு இறுகி உருவாகும் கண்ணாடி இழைகள் காற்றில் பறந்து வரும். எரிமலைத் தெய்வத்தின் பெயரால் ‘பெலேயின் கூந்தல்’ என்பார்கள். பொன்னிறமாக இருப்பதால் குழந்தைகள் எடுக்கப் பார்ப்பார்கள். தோலில் குத்தும். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: குழம்பே வரவில்லை என்றால்?

பதில்: கிலாவேயா இக்கி பள்ளம் இருக்கிறதே! 1959-இல் 580 மீட்டர் உயரம் பீறிட்ட குழம்பு, ஏரியாகத் தேங்கி இறுகிய தரை அது. அதன் மேலேயே நடக்கலாம். சுற்றுப்பாதை 5.3 கி.மீ., சுமார் 120 மீட்டர் இறங்கி ஏறவேண்டும், இரண்டு மூன்று மணி நேரம். பள்ளத்தின் தரையில் நிழலே இல்லை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பாதையைக் காட்டும் கல்லடுக்குகளைக் கலைக்காதீர்கள். அம்மா மேலிருந்தே முழுப் பள்ளத்தையும் பார்க்கலாம். பக்கத்தில் நாஹுக்கு குகை: குழம்பு வழிந்தோடிய குழாய்.

அங்கிருந்து கடல்வரை இறங்கும் சாலை 30 கி.மீ.; வழியில் பெட்ரோலும் கிடையாது, குடிநீரும் கிடையாது. முடிவில் கடல் குடைந்த பாறை வளைவு. பூங்காவுக்கு வெளியே, புனலுவு கருமணல் கடற்கரையில் ஆமைகள் கரையேறிப் படுத்திருக்கும். 6 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

கேள்வி: நினைவாக ஒரு சிறு கல்?

பதில்: கூடாது, சட்டப்படி குற்றம். எடுத்துப்போய், பெலேயின் சாபம் வருமோ என்று பயந்து, பிறகு தபாலில் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. பூங்கா ஊழியர்களுக்கு வேலைதான் மிச்சம்.