செம்மழை பெய்த வயலில் முதலில் பார்க்க வேண்டியது

கேள்வி: போன வாரம் மாலையில் பெய்த மழை செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. மிளகாய்ச் செடிகளின் இலையெல்லாம் பழுப்புத் திட்டுகள். அமில மழை, பயிர் கருகிவிடும் என்கிறார்கள். அன்றைக்கு 18 மி.மீ. மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஆனால் என் வயலில் ஒரு விரற்கடைக்குக் கீழே மண் காய்ந்துதான் கிடக்கிறது. மழையை வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

பதில்: பயப்படாதீர்கள், இந்த மழையால் பயிர் கருகாது. காற்று தூக்கிச் சென்ற நுண்மண் மழைத்துளியோடு சேர்ந்து இறங்கினால் இந்த நிறம் வரும். மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுதான் சிவப்புக்குக் காரணம். சகாரா பாலைவனத் தூசி கடல் தாண்டிப் போய் ஐரோப்பாவில் இப்படி இறங்குவது அடிக்கடி நடக்கிறது. சுத்தமான மழைநீரே லேசான அமிலம்தான், அதன் கார அமில நிலை (pH) சுமார் 5.6; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். தூசியில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அந்த அமிலத்தன்மையும் குறைந்துவிடும். சிவப்பு மழை எல்லாமே தூசியால் வருவதும் இல்லை. 2001-ல் கேரளத்தில் பெய்த மழையை ஆராய்ந்தபோது, மரப்பட்டைகளில் வளரும் ஒருவகைப் பாசியின் வித்துகள்தான் அந்த நிறத்தைத் தந்தன என்று தெரிந்தது. உங்கள் இலையில் உள்ள திட்டைத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மண்ணாக உதிர்ந்தால் தூசிதான்.

நிறத்தைவிட, அதோடு எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். நல்ல மழை கொட்டியிருந்தால் அதுவே இலையைக் கழுவிவிட்டிருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூறலோடு நின்றுவிட்டால் தூசி இலையிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் இலைக்குச் சரியாகக் கிடைக்காது, இலைத்துளைகளும் அடைபடும். தூசி படிந்த செடியில் இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியும் பெருகும், ஏனென்றால் அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தூசி ஆகாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வயலில் பெய்தது தூறல்தான். காலையிலேயே வெறும் தண்ணீரைத் தெளிப்பானில் ஊற்றி, பூ உதிராத அளவுக்கு மென்மையாக, இலையின் இரண்டு பக்கமும் படும்படி கழுவிவிடுங்கள். அதற்கு முன் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். களைக்குக் கிளைபோசேட் அடிப்பதாக இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். மண் துகள் அதைப் பிடித்துக்கொள்ளும், களை சாகாது.

சரி, அளப்பதற்கு வருவோம். ஒரே மேகத்தில் ஓர் இடத்தில் 18 மி.மீ. கொட்டும், சில கிலோமீட்டர் தள்ளி 3 மி.மீ. தூறும். அதனால் அளவுமானி உங்கள் வயலிலேயே இருக்க வேண்டும். இடுப்பு வளையாத, நேராக உள்ள 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, கழுத்து விரியும் இடத்தில் வெட்டுங்கள். மேல்பகுதியைக் கவிழ்த்து, புனல் போல உள்ளே செருகுங்கள். அடியில் உள்ள மேடுபள்ளங்களைச் சிமெண்ட் கலவையால் நிரப்பிச் சமமாக்கி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து வெளியே அளவுகோலை ஒட்டிவிடுங்கள். புனல் வாயும் பாட்டிலும் ஒரே அகலம் என்பதால், நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. கணக்கே தேவையில்லை. அகலமான புனலைக் குறுகிய பாட்டிலில் வைத்தால் மட்டும் கணக்குப் போட வேண்டும். 20 செ.மீ. விட்டமுள்ள புனலில் 31.4 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை.

வைக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைத்த அளவுக்கு மதிப்பே இல்லை. பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தரையில் விழும் துளி தெறித்து உள்ளே போகாதபடி வாய் ஓரடி உயரத்தில் இருக்கட்டும். காற்றில் சாயாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, தேதியோடு எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

1 மி.மீ. என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். 3 மி.மீ. என்றால் 12,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் நல்ல வெயிலில் வளர்ந்த பயிர் ஒரு நாளில் 4, 5 மி.மீ. குடித்துவிடும். அதனால் மழை பெய்ததே என்று பாசனத்தை நிறுத்தாதீர்கள். இலையைக் கழுவிய கையோடு இந்த வாரத் தண்ணீரையும் விட்டுவிடுங்கள்.

செம்மழை பெய்த அன்று அளவெடுத்த பிறகு புனலைக் கட்டாயம் கழுவ வேண்டும். அதன் துளையில் சேறு அடைத்துக்கொண்டால் அடுத்த மழை புனலிலேயே நின்று ஆவியாகிவிடும், உங்கள் நோட்டில் அளவு குறைத்துப் பதிவாகும்.