பிளக்கில் செருகினால் மின் கட்டணம் குறையுமா?

கேள்வி: வேலூரில் தனியாக இருக்கும் என் அம்மாவிடம், மின்வாரியத்திலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் 1,800 ரூபாய்க்கு இரண்டு மின் சேமிப்புக் கருவிகளை விற்றிருக்கிறார். கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆம்பியர் பாதியாகக் குறைவதைக் கண்ணெதிரே காட்டினாராம். கட்டணம் குறையவில்லை. எங்கள் மீட்டரில் கோளாறா?

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் கண்ட ஆம்பியர் உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட பொருள்தான் பொய். இந்த வித்தையில் படித்தவர்களும் விழுகிறார்கள். ஒரு பொருட்காட்சியில் இதே கருவியை நானும் வாங்கி வந்து திறந்து பார்த்தேன். ஃபேனில் இருப்பதைப் போன்ற ஒரு கண்டன்சர், சிறிய சர்க்யூட் பலகை, ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான்.

சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மோட்டாரும், தாம் செலவிடும் மின்சாரத்தோடு கொஞ்சம் கூடுதலாகவும் வாங்கி, அதை அடுத்த நொடித்துளியிலேயே லைனுக்குத் திருப்பி அனுப்பும். இந்தப் போக்குவரத்தும் கம்பியில் ஆம்பியராகத் தெரியும். கண்டன்சர் அதைப் பக்கத்திலிருந்தே ஈடுசெய்வதால் ஆம்பியர் இறங்குகிறது. ஆனால் வீட்டு மீட்டர் போய்த் திரும்பும் மின்சாரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உண்மையில் செலவானதை மட்டுமே யூனிட்டாக எண்ணுகிறது. நீங்கள் கட்டாத பணத்தை எந்தக் கருவி மிச்சப்படுத்தும்?

உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளின் கதை வேறு. அவை இழுக்கும் உச்ச அளவுக்கான கேட்புக் கட்டணம், போய்த் திரும்பும் மின்சாரத்தையும் சேர்த்து எண்ணும் கேவிஏ கணக்கில் வருகிறது. வாங்கியதில் உண்மையில் செலவாகும் பங்கான திறன் காரணி குறைந்தால் அபராதமும் உண்டு. அதனால் அவை பெரிய கண்டன்சர் வரிசைகளை வைக்கின்றன. ஆலைக்குப் பொருந்தும் உண்மையை எடுத்துவந்து வயதானவர்களின் வாசலில் விற்பவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. மின்வாரிய ஊழியர் வீடு வீடாக எதையும் விற்பதில்லை என்பதை அம்மாவிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவையுங்கள்.

நீங்களே சோதிக்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். அருகில் 3200 என்பதுபோல் ஓர் எண் அச்சிட்டிருக்கும், அத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட். பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் ஃபேன் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். 3200 போட்ட மீட்டரில் பத்துச் சிமிட்டலுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். பிறகு கருவியைச் செருகி மறுபடி எண்ணுங்கள், அதே இரண்டரை நிமிடம்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் சில நொடிகள் மாறும் என்பதால் இரண்டு மூன்று முறை எண்ணிவிடுங்கள். இனி யாராவது ஆம்பியர் காட்ட வந்தால், மீட்டர் விளக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும், கருவியை மாட்டிய பிறகு எனக்கு 640 யூனிட் 470 ஆனது. ஆகஸ்ட்–செப்டம்பருக்கு 640, அக்டோபர்–நவம்பருக்கு 470. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மழை வந்தது, ஏசி நின்றது என்று சொல்கிறேன். சென்ற ஆண்டின் இதே இரண்டு மாதக் கணக்கை எடுத்து ஒப்பிட்டீர்களா? அதைக்கூடச் செய்யாமல் கருவிக்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள், அதை நம்பி இன்னும் நான்கு பேர் வாங்குவார்கள். தொகை இன்னும் அதிகமாகக் குறைந்திருக்குமே? 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குரிய மலிவு விலை, மொத்தம் 500-ஐத் தாண்டியவருக்குக் கிடையாது. நீங்கள் 500-க்குள் வந்ததால் அது கிடைத்தது.

கேள்வி: மீட்டர் மேல் காந்தம் வைத்தால் மெதுவாக ஓடுமாமே?

பதில்: அது திருட்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

கேள்வி: உண்மையிலேயே மின்சாரம் மிச்சமாக என்ன வாங்கலாம்?

பதில்: பழைய ஃபேனுக்குப் பதில் பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்டது. 75 வாட் இடத்தில் 30 வாட்டுக்கு அருகில்தான் இழுக்கும். வாங்காமலே மிச்சமாவதும் உண்டு. இரவு பகலாக 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ் இரண்டு மாதத்தில் 14 யூனிட் தின்றுவிடும். சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.

கேள்வி: இணையத்தில் “40 சதவீதம் சேமிப்பு” விளம்பரம் பார்த்து வாங்கி ஏமாந்தேன். பெட்டியில் முகவரி இல்லை. கூலி வேலை செய்கிறேன். 999 ரூபாய் எனக்குப் பெரிய தொகை.

பதில்: பெரிய தொகைதான், விடாதீர்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி இல்லாமல் பெட்டியை விற்பதே விதிமீறல். பெட்டி, ரசீது, விளம்பரப் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனு எழுதத் தெரியவில்லையென்றால் ரசீதின் நகலை எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.