விழுந்த அன்று ஓட்டுகிறார், மூன்றாம் நாள் ஏன் விலகுகிறார்?
வாசகர் கேள்வி – பதில்: டூர் டி பிரான்ஸ்

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு வீரர் சாலையில் உருண்டு விழுகிறார். எழுந்து வேறு சைக்கிளில் ஏறிக் கூட்டத்தோடு சேர்ந்தும் விடுகிறார். இரண்டு மூன்று நாள் கழித்து ‘விலகினார்’ என்று செய்தி வருகிறது. அன்று முடிந்தது பிறகு ஏன் முடியவில்லை?

பதில்: விழுந்த முதல் சில மணி நேரம் உடம்பு சொல்வதை நம்ப முடியாது. அட்ரினலின் வலியை அமுக்கி வைக்கும், தசைகளும் சூடாக இருக்கும். இரவில்தான் வீக்கமும் இறுக்கமும் தொடங்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். மறுநாள் காலை அவர் படிக்கட்டில் எப்படி இறங்கி வருகிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது தூக்கம். இடுப்பிலும் தோளிலும் தோல் உரிந்தவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் எரியும். டூர் என்பது 23 நாளில் 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்); ஓய்வு இரண்டே நாள். மலை ஸ்டேஜ் அன்று 6,000 கலோரிக்கு மேல் செலவாகலாம். அதை ஈடுகட்டித் தசையைச் சரிசெய்யும் வேலை இரவில்தான் நடக்கிறது. காயம் ஆறுவதற்கும் அதே இருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்ட கதைதான். மூன்றாம் நாள் மலையில் தண்ணீர் வற்றிவிடும்.

அடி எங்கே என்பதும் முக்கியம். 2013-இல் ஜெரைன்ட் தாமஸ் கோர்சிகாவில் முதல் ஸ்டேஜிலேயே விழுந்து இடுப்பெலும்பில் விரிசலோடு பாரிஸ் வரை ஓட்டி 140-ஆவதாக முடித்தார். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்வரை சமாளிக்கலாம். எழுந்து நின்று வேகம் கூட்டும்போதுதான் உயிர் போகும். கூட்டத்தின் பின்பகுதியில் ஓட்டி, நேர வரம்புக்குள் வந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது சாத்தியம். பட்டத்துக்குப் போட்டியிடுபவருக்குச் சாத்தியமில்லை. 2022-இல் பிரிமோஸ் ரோக்லிச் கல் பாவிய சாலையில் விழுந்தார். தோள்மூட்டு விலகியது. பார்வையாளர் ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து தானே அதைத் தள்ளிப் பொருத்திக்கொண்டார். பிறகு காலிபியே மலையில் மீண்டும் மீண்டும் திடீரென வேகமெடுத்து, முக்கியப் போட்டியாளர் பொகாச்சரைக் களைக்கச் செய்தார். அணித்தோழர் விங்கெகார்ட் மஞ்சள் பனியனை (ஒட்டுமொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிவது) எடுக்க அது உதவியது. 15-ஆவது ஸ்டேஜுக்கு முன் விலகினார். விழுந்த பிறகும் ஓட்டிய அந்தப் பத்து நாளை விட்டுவிட்டு, அவர் விலகியதை மட்டும் பலவீனம் என்பது அநியாயம்.

காறை எலும்பு முறிந்தால் கதை வேறு. பெரும்பாலும் அன்றோடு போட்டி முடிந்தது. ஹேண்டில்பாரை இழுப்பதே கடினம். தகடும் திருகும் வைத்து அறுவை செய்தால், சில நாளிலேயே வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் கருவி) மிதிக்கலாம். எலும்பு முழுதாகக் கூட 6 முதல் 8 வாரம் ஆகும். 2023-இல் 8-ஆவது ஸ்டேஜில் இப்படித்தான் மார்க் கேவண்டிஷ் வெளியேறினார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து, 35-ஆவது ஸ்டேஜ் வெற்றியைப் பெற்றுச் சாதனை படைத்தார்.

கேள்வி: தோல் உரிந்த காயத்துக்கு என்ன செய்கிறார்கள்? காற்றுப்பட்டு உலர விடுவதுதானே நல்லது?

பதில்: இல்லை. உலர்ந்து பொருக்குக் கட்டினால் முட்டி மடங்கும்போதெல்லாம் அது வெடிக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவருக்கு எத்தனை முறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டத்தின்போது டாக்டரின் திறந்த கார் பக்கத்தில் வர, வீரர் மிதித்துக்கொண்டே கையை நீட்டுவார். அங்கே கழுவுவதும் வலை பேண்டேஜ் போடுவதும் மட்டும்தான். உண்மையான வேலை மாலையில். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுத் தேய்த்து, சதைக்குள் புதைந்த மணலையும் தார்த் துகளையும் எடுக்க வேண்டும். பலருக்கு விழுந்ததைவிட இதுதான் அதிகம் வலிக்கும். ஒரு துகளை விட்டாலும் சீழ் பிடிக்கலாம், இல்லையென்றால் தோலுக்குள் கறுப்பாகத் தங்கிவிடும். பிறகு ஈரத்தைக் காக்கும் ஹைட்ரோகொலாய்டு பட்டையை ஒட்டி, மேலே வலைக்குழாய் மாட்டுவார்கள். காலில் முடி மழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பட்டையைப் பிரிக்கும்போது முடியோடு வராது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஒரு பக்க இடுப்பில் வலி என்றால் வீரர் அறியாமலே சாய்ந்து உட்காருவார். நாலைந்து நாளில் மறுகால் முட்டியில் தசைநாண் அழற்சி வரலாம். முட்டி போனால் எவ்வளவு பெரிய வீரரும் இறங்கத்தான் வேண்டும். 1980-இல் மஞ்சள் பனியனோடு இருந்த பெர்னார் இனோ, முட்டிவலியால் போ நகரில் விலகினார்.

கேள்வி: தலையில் அடிபட்டால்?

பதில்: சந்தேகம் இருந்தாலே நிறுத்த வேண்டும்; இதில் பேரமே கூடாது. சிக்கல் என்னவென்றால், இங்கே மாற்று வீரர் கிடையாது, ஆட்டமும் நிற்காது. சோதிக்கும் நேரத்தில் கூட்டம் போய்விடும். 2020-இல் ஒட்டுமொத்தத்தில் 4-ஆவது இடத்தில் இருந்த ரொமான் பார்தே 13-ஆவது ஸ்டேஜில் விழுந்து, தடுமாறியபடியே ஸ்டேஜை முடித்தார். மூளை அதிர்ச்சி என்று பிறகுதான் உறுதியானது. அந்த ஆண்டு இறுதியில் உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ தனி நெறிமுறை வெளியிட்டது. அதன்படி, அறிகுறிகள் நீங்கிய பின்பும் குறைந்தது ஒரு வாரம் போட்டி கூடாது.

கேள்வி: மூன்றாம் வாரத்தில் யார் ஃபார்மில் இருக்கிறார், யார் தளர்ந்துவிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அணிக்கு எளிது. மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் அதே வாட்ஸ் காட்டும், ஆனால் இதயத் துடிப்பு முன்பு போல ஏறாது. முழு வேகத்திலும் வழக்கமான உச்சத்தைத் தொடாமல் நின்றால், சோர்வு ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

டிவியில் பார்ப்பவர்கள் கையைக் கவனியுங்கள். நல்ல நிலையில் இருப்பவர் சீரான இடைவெளியில் எனர்ஜி ஜெல்லோ பாட்டிலோ எடுப்பார். இன்று மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து சாதாரணம். சாப்பிட மறந்தவர், அல்லது வயிறு ஏற்காதவர், அரை மணியில் பின்தங்குவார். ஏற்றம் தொடங்குமுன் கூட்டத்தில் எங்கே இருக்கிறார் என்பதும் சொல்லும். வழக்கமாக முன்னே இருப்பவர் 40-ஆவது ஆளாக நழுவினால் சந்தேகப்படுங்கள்.

பழைய காயமும் மூன்றாம் வாரத்தில்தான் வட்டி கேட்கும். 2023 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லியேஜ் பந்தயத்தில் பொகாச்சரின் இடது மணிக்கட்டு எலும்புகள் முறிந்தன. எலும்பு கூடியது. ஆனால் நீண்ட சாலைப் பயிற்சி போனது போனதுதான். அந்த ஆண்டு டூரில் இரண்டு வாரம் விங்கெகார்டோடு விநாடிக் கணக்கில் மோதியவர், 17-ஆவது ஸ்டேஜில் கோல் டி லா லோஸ் ஏற்றத்தில் உடைந்து, அன்று மட்டும் 5 நிமிடம் 45 விநாடி இழந்தார்.

கேள்வி: வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓட்ட முடியாதா?

பதில்: பாராசிட்டமால் போடலாம். கடும் வலிக்கான டிரமடோலை யூசிஐ 2019 மார்ச்சிலும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2024 ஜனவரியிலும் தடை செய்தன. அது தலைசுற்ற வைக்கும்; அந்த நிலையில் கூட்டத்தில் ஓட்டினால் மற்றவர்களையும் சாய்த்துவிடுவார். போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசியும் கூடாது. இபுபுரூஃபன் தடையில் இல்லை. ஆனால் உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

கேள்வி: 200 கி.மீ. பிரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறேன். சீட் உரசிக் கட்டி வருகிறது. டூர் வீரர்களுக்கும் வருமா?

பதில்: வரும். 1989-இல் லோரான் ஃபின்யோன் இந்தப் புண்ணோடுதான் கடைசி நாள் 24.5 கி.மீ. தனி ஓட்டத்தில் (ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) இறங்கினார். 50 விநாடி முன்னிலையை இழந்து, 8 விநாடியில் டூரை கிரெக் லெமாண்டிடம் விட்டார்.

ஓட்டி முடித்ததும் ஈர ஷார்ட்ஸோடு டீக்கடையில் உட்காராதீர்கள். உடனே கழற்றிக் கழுவி நன்றாகத் துடையுங்கள். தினம் துவைத்த ஷார்ட்ஸ், உள்ளே ஜட்டி வேண்டாம், உரசும் இடத்தில் கிரீம். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால் சீட் உயரமாக இருக்கலாம், இடுப்பு ஆடுகிறது, 3 மி.மீ. இறக்கிப் பாருங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள். காய்ச்சலோ பரவும் சிவப்போ வந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.